வடிவு அடித்த பட்டன்

ஜன்னல் கம்பியில் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்தப் பித்தளைக் குண்டுதான். வெளியே சாரல். குற்றாலச் சீசன் நேரத்தில் செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிற காற்று தென்காசியில் யாரையும் சும்மா விடாது, என் நூலையும் விடவில்லை. எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சாத்தினேன்.

"என்ன செய்யுதிய?" என்றாள் வடிவு. என் மனைவி. அவளுக்கு முன்னால் மேஜைமேல் தோலில் செய்த மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று, பக்கத்தில் ஒரு டப்பா டிச் பட்டன், கையில் பட்டன் அடிக்கிற இரும்புக் குச்சி.

"நீ பாட்டுக்குப் பட்டன அடி. நேரா நிக்குதான்னு நான் இங்கன இருந்து பாக்கேன்."

"ஒரு பட்டன் அடிக்கதுக்குத் தூக்குக்குண்டா? மாடி எடுக்கப் போறியளா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். நூல் ஆட்டம் அடங்குவதற்காக இரண்டு பேரும் காத்திருந்தோம்.

அது அப்படியே தொங்கட்டும். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

இதுவரை இந்தப் பக்கத்தில் சங்கிலி, எல்லைக்கல், தாசில்தார் ஜீப் என்று என் சர்வேயர் காலத்துக் கூத்துகளைத்தான் எழுதிவந்தேன். சிரிக்க முடிந்தது என்று படித்தவர்கள் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்புக் குறைவாகத்தான் இருக்கும். சண்முகவடிவின் வலது கையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கை போய்க்கொண்டிருந்த மாதங்களில் நான் பட்டனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

தள்ளுங்க

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சர்வேயருக்கு வீட்டில் ஒரு மரியாதையும் கிடையாது. காலையில் பால் வாங்கப் போவது, வாங்கிவந்த பாலில் தண்ணீர் என்று சொல்வது, இந்த இரண்டோடு அவன் நாள் முடிந்துவிடும். எனக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

சர்வீஸில் கருவிகளைப் போட்டுத் தூக்கித் திரிந்த தோல் பை ஒன்று பரணில் கிடந்தது. அதன் மூடியில் பட்டன் பிய்ந்திருந்தது. அதைச் சரிசெய்கிறேன் என்று தொடங்கியவன்தான். செல்போனில் வீடியோ பார்த்தேன், ஆம்பூரிலிருந்து பார்சலில் தோல் வரவழைத்தேன், பின்பக்க அறையில் ஒரு மேஜை போட்டேன். பர்ஸ், சாவிப் பை, கண்ணாடிக் கூடு என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்து சொந்தக்காரர்கள் தலையில் கட்டினேன். வெட்டுவது வந்தது. தைப்பது வந்தது. பட்டன் மட்டும் வரவில்லை.

டிச் பட்டனைத் தெரியாதவர் இல்லை, ஆனால் அதை அடித்துப் பார்த்தவர்கள் குறைவு. மூடிப் பக்கம் இரண்டு துண்டு, பைப் பக்கம் இரண்டு துண்டு. தோலில் துளை போட்டு, அடியில் குழிவான இரும்பு வில்லையை வைத்து, அதில் பட்டனின் தொப்பியைக் கவிழ்க்க வேண்டும். தொப்பியின் கழுத்து துளை வழியாக மேலே எட்டிப் பார்க்கும். அதன்மேல் அடுத்த துண்டைப் போட்டு, செட்டர் என்கிற விரல் நீள இரும்புக் குச்சியை நிறுத்தி, கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். கொட்டாப்புளி என்றால் தச்சர்களின் மரச் சுத்தியல். தட்டத் தட்டக் கழுத்து சுற்றிலும் விரிந்து மடங்கிப் பிடித்துக்கொள்ளும்.

குச்சி செங்குத்தாக நின்றால்தான் இதெல்லாம். இம்மி சாய்ந்தாலும் கழுத்து ஒரு பக்கமாகப் படுத்துவிடும், பட்டன் வாயைக் கோணிக்கொள்ளும். கோணின பட்டன் மூடாது. மூடினாலும் நிற்காது.

என் பட்டன்கள் எல்லாம் கோணின. ஊரான் வரப்பையெல்லாம் நேராக்கிச் சம்பளம் வாங்கியவனுக்கு ஒரு பட்டன் நேராக உட்கார மாட்டேன் என்றது. நான் போட்ட சத்தத்தில் வடிவு வந்து வாசலில் நின்றாள். அவள் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து, எனக்குக் கொஞ்சம் பின்னால் ஓய்வு பெற்றவள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "தள்ளுங்க" என்றாள்.

எல்லாரும் வலது கையில் சுத்தியலைப் பிடிப்பார்கள், இடது கையில் குச்சியைப் பிடிப்பார்கள். அவள் மாற்றிப் பிடித்தாள். செட்டர் வலது கையில், கொட்டாப்புளி இடது கையில். "தட்டுதது யார் வேணும்னாலும் தட்டலாம். பிடிக்கதுலதான் வேலை" என்று சொல்லிக்கொண்டே மெதுவாகத் தட்டினாள். பட்டன் தோலோடு தோலாக, வட்டமாக, நேராக உட்கார்ந்தது.

எனக்கு ஆச்சரியமில்லை. அவள் ஊசி போட்டால் குழந்தை அழுவதற்குள் முடிந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் பேர். வடிவு நர்ஸம்மா டியூட்டியில் இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருந்தார்கள். ஊசியைப் பிடித்த கை செட்டரையும் பிடித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பட்டன் அவள் பொறுப்பு. ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமானதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேலை செய்ததில்லை. எனக்குக் கேம்ப், அவளுக்கு நைட் டியூட்டி. நான் வரும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். அந்தப் பின்பக்க அறையில்தான் நாங்கள் முதன்முதலாக ஒரு மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். நான் தைப்பேன், அவள் அடிப்பாள். இடையில் ஊர் வம்பு. அந்தக் காலைப் பொழுதுகளைப் போல நான் எதையும் விரும்பியதில்லை.

அம்மிமேல் பழி

அடுத்த வருஷச் சீசனுக்குச் செய்யது பாய் வந்து கேட்டார். கடையநல்லூர்க்காரர். அங்கே பை, பெல்ட், பட்டன் சாமான்கள் விற்கிற கடை. நானும் பட்டனை அவரிடம்தான் வாங்குவேன். சீசன் வந்துவிட்டால் மகனை ஊர்க் கடையில் உட்காரவைத்துவிட்டு, இவர் குற்றாலத்தில் ஒரு தற்காலிகக் கடை போட்டுவிடுவார்.

"அண்ணாச்சி, ஒங்க சாவிப் பைய குத்தாலத்துல தொங்கப் போடுதேன். குளிக்க வாரவனுக்குச் சாவிய எங்கன வைக்கதுன்னுதான் கவலை. இடுப்புல மாட்டிக்கிட்டு நிம்மதியா எண்ணெய் தேய்ப்பாம்லா?"

அருவிக்கு வருகிறவனிடம் தோல் பை விற்பதில் எனக்குச் சந்தேகம்தான். வடிவு என்னை முந்திக்கொண்டு, "செய்து தாரோம் பாய்" என்றாள். அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் பட்டன் சாயத் தொடங்கியது. முதலில் எப்போதாவது ஒன்று. பிறகு அடிக்கடி.

நான் முதலில் அம்மியைப் பிடித்தேன். இரும்பு வில்லையை வைக்க அசையாத கல் வேண்டுமென்று கொல்லையில் கிடந்த அம்மியை நான்தான் உள்ளே கொண்டுவந்திருந்தேன். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால், எங்கள் வீட்டுப் பெண்கள் அரைத்து அரைத்து அம்மி நடுவில் பள்ளமாகியிருந்தது. வில்லை சாய்ந்தால் பட்டன் சாயத்தானே செய்யும்? கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். அம்மி கொல்லைக்குப் போனது, கடப்பாக்கல் துண்டு ஒன்று மேஜைக்கு வந்தது.

அப்படியும் சாய்ந்தது. தோல் மெல்லிசு, கழுத்து நீளம், அதனால் மடங்குகிறது என்றேன். அடியில் தோல் வளையம் கொடுத்தேன். சாய்ந்தது. துளை பெரிசு என்று சின்னத் துளை போட்டேன். சாய்ந்தது. செட்டரின் முனை தேய்ந்துவிட்டது என்று புதுசு வாங்கினேன். கடைசியில் செய்யது பாயிடம் போய், ஒரு பெட்டி பட்டனையும் மாற்றித் தரச் சொல்லிச் சண்டை பிடித்தேன்.

"இதே பெட்டிலதான் தென்காசி பூரா பட்டன் போகுது அண்ணாச்சி. ஒங்க வீட்டுல மட்டும் கோணுதாக்கும்?" என்றார் அவர்.

சாரல் ஈரத்தில் தோல் பூரித்துவிடுகிறது என்று அடுத்தபடி கண்டுபிடித்தேன். அறைக்குள் நூறு வாட்ஸ் குண்டு பல்பைப் போட்டு வெக்கை ஏற்றினேன். வடிவு முந்தானையால் விசிறிக்கொண்டே அதற்கும் தலையாட்டினாள். ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னது ஒன்றுதான். "அப்படித்தான் இருக்கும். மாத்திப் பாருங்க."

வேறு சிலதும் நடந்தன. பக்கத்துத் தெரு அண்ணாச்சி ஒருவர் தினமும் காலையில் சர்க்கரை ஊசி போட்டுக்கொள்ள அவளிடம்தான் வருவார். ஒருநாள் அவரை, "நீங்களே போடப் பழகிக்கிடுங்க, எவ்வளவு நாளைக்கு என்னைய நம்பிக்கிட்டு இருப்பிய?" என்று அனுப்பிவிட்டாள். ஓய்வு பெற்றும் ஊசியா என்று அலுத்துவிட்டாளாக்கும் என்று இருந்துவிட்டேன். அடுப்பில் பால் தீய்ந்து, நாற்றம் வாசல் வரைக்கும் வந்தது, அடுப்பு முன்னால் நின்றவளுக்குத் தெரியவில்லை. தோல் வாடை ஏறி மூக்கு செத்துப்போச்சு என்று கேலி செய்தேன். "ஆமா, செத்துத்தான் போச்சு" என்றாள்.

வடகரையில் ஒரு வரப்பு

இந்த இடத்தில் வடகரை வயல் ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. செங்கோட்டைக்குப் பக்கத்து வடகரை. அண்ணன் தம்பி இரண்டு பேர், நடுவில் ஒரு வரப்பு. வரப்பு தம்பி பக்கமாக வளைந்திருக்கிறது என்று மனு. நான் சங்கிலியோடு போனேன்.

அளந்து பார்த்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. கல் நட்ட இடத்தில் இல்லை. யார் பிடுங்கி நட்டிருப்பார்கள் என்று வயலில் மேய்ந்துகொண்டிருந்த மாட்டைக் கேட்டால்கூடச் சொல்லியிருக்கும். ஆனால் மனு கொடுத்த தம்பி வேறு காரணமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பழைய சங்கிலி இழுபட்டு நீண்டிருக்கும் சார். மழையில் கல் நகர்ந்திருக்கும் சார். தென்னை வேர் தள்ளியிருக்கும் சார்.

எனக்கு எரிச்சல். "ஏன் வே, தென்னை வேர் கல்லைப் பிடுங்கிக் கொண்டுபோய் அங்கன நடுமா?" என்றேன். அந்த மனுஷன் என்னைத் தனியாகக் கூட்டிப்போய், "அண்ணன் கல்ல நவட்டுனான்னு எழுதிராதிய சார். மழைன்னே எழுதுங்க. அப்படி எழுதுனாதான் நாளைக்கும் அவன் வீட்டுல நான் சாப்பிட முடியும்" என்றார்.

ஆபீசில் வந்து இதைச் சொல்லிச் சிரித்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, ஆனாலும் மழை என்றே இருக்கட்டும் என்று நினைத்தார். அப்படியும் ஒரு மனுஷர் நினைக்கலாம் என்பது அப்போது எனக்கு எட்டவில்லை. பட்டன் சாய்ந்த மாதங்களில் என் வீட்டிலேயே ஒருத்தி அப்படி உட்கார்ந்திருந்தாள்.

மதுரைக்காரர் சாவி

சீசன் சூடுபிடித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யது பாய் போன் போட்டு வரச்சொன்னார். குற்றாலத்துக்குள் பஸ் போக முடியாத கூட்டம். பாதி வழியில் இறங்கி நடந்தேன். ரோடெல்லாம் ஈரத் துண்டு, தேங்காய் எண்ணெய் வாடை, மங்குஸ்தான் தோல். பேரருவியின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். பாய் கத்திப் பேசவில்லை. என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

மதுரையிலிருந்து வந்த குடும்பம். காரோட்டி வந்தவர் எங்கள் சாவிப் பையை வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டு குளிக்கப் போயிருக்கிறார். பட்டன் தானாகத் திறந்து, சாவி அருவித் தண்ணீரோடு போய்விட்டது. கைக்குழந்தை ஈரத்தோடு அழுகிறது, மாற்றுத்துணி காருக்குள். கடைசியில் கண்ணாடியை உடைத்துத்தான் துணியை எடுத்திருக்கிறார்கள்.

"அவங்க என்னையத் திட்டுனது பெருசு இல்ல அண்ணாச்சி. இத எல்லாத்தையும் நீங்க கொண்டுபோயிருங்க." தொங்கிக்கொண்டிருந்த பைகளையெல்லாம் கழற்றி ஒரு சாக்குப் பையில் போட்டுக் கொடுத்தார். "ஒங்க தையல்ல குத்தமே இல்ல. பட்டன்தான். முன்ன அடிச்ச கை இது இல்ல அண்ணாச்சி. ஆள மாத்திட்டியளா?"

ஆளை மாற்றவில்லை என்று சொன்னேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மடியில் அந்தச் சாக்குப் பை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. தோலோ துளையோ ஈரமோ காரணமென்றால் ஒன்று அப்படியும் ஒன்று இப்படியும் சாயும். இது எனக்குத் தெரிய வேண்டிய கணக்கு. வீடு வருவதற்குள் அந்தக் கணக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, செட்டரைப் பிடிக்கும் கோணம் பழக்கத்தில் மாறியிருக்கும், தூக்குக்குண்டு வைத்துத் திருத்திவிடலாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

நூல் நின்றது

மறுநாள் காலைதான் ஜன்னலில் குண்டைக் கட்டினேன். கதவைச் சாத்தியதும் காற்று நின்றது. நூல் சுற்றிச் சுற்றி ஆடி, மெல்ல அடங்கி, நின்றது.

வடிவு வில்லையில் தொப்பியை வைத்தாள். தோலை மாட்டினாள். செட்டரை நிறுத்தினாள். நான் மேஜைக்கு இந்தப் பக்கம் குனிந்து, ஒரு கண்ணை மூடி, நூலையும் செட்டரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். வயலில் கொடிக்கம்பை அப்படித்தான் பார்ப்போம்.

நூல் அசையாமல் இருந்தது. செட்டர் ஆடிக்கொண்டிருந்தது.

பெரிய ஆட்டமில்லை. சும்மா பார்த்தால் தெரியாது. பக்கத்தில் அசையாத ஒன்று இருந்ததால்தான் தெரிந்தது. அவள் பெருவிரல் குச்சியை உருட்டுகிற மாதிரி விட்டுவிட்டு அசைந்தது. அதை நிறுத்தப் பார்த்து அவள் இறுக்கிப் பிடிக்க, மணிக்கட்டு உள்பக்கமாக இழுத்தது. குச்சி அந்தப் பக்கமே சாய்ந்தது. சாக்குப் பையில் இருந்தவை சாய்ந்த அதே பக்கம்.

நான் நிமிர்ந்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

"பாத்துட்டியளா?" என்றாள்.

செட்டரை மேஜைமேல் படுக்கவைத்தாள். கொட்டாப்புளியை அதன் பக்கத்தில் வைத்தாள். வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு எழுந்துபோனாள். சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு எழுந்துபோய் அவளிடம் பேசத் தைரியம் வரவில்லை. பயந்துபோய், கழற்ற வேண்டிய அந்தக் குண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் கேட்டது

பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டர். சின்ன வயது. அவளை நடக்கச் சொன்னார். நடக்கும்போது இடது கை வீசியது, வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டே போனது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை தட்டத் தொடங்கி, விரல்கள் விரிவது வரவரக் குறைந்து, அப்புறம் மறந்துபோன மாதிரி நின்றது. பார்க்கின்சன் என்றார். நம்ம ஆட்கள் நடுக்குவாதம் என்பார்கள். மாத்திரை இருக்கிறது, கட்டுக்குள் வைக்கலாம், முழுக்கப் போகாது என்றார்.

"எப்போ இருந்து இருக்கு?"

"நாலஞ்சு மாசம் இருக்கும் டாக்டர். இந்தச் சீசனுக்குக் கொஞ்சம் முன்னால" என்று நான் முந்தினேன்.

"இல்ல டாக்டர்" என்றாள் வடிவு. "நான் சர்வீஸ்ல இருக்கும்போதே. கடைசி வருஷம்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் டாக்டரிடம்தான் பேசினாள். ஒரு நர்ஸ் வார்டில் நோயாளியைப் பற்றிச் சொல்வதைப் போல, ஏற்ற இறக்கமில்லாமல்.

"ஒரு பச்சப் பிள்ளைக்கு ஊசி போடும்போது வெரல் ஒரு மாதிரி உருண்டுச்சு. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. வார்டுல எத்தன பேரப் பாத்திருக்கேன். அதுக்குப் பெறவு ஊசி எடுக்கல. ஸ்டோர் டியூட்டி கேட்டு வாங்கிக்கிட்டேன். ரிட்டயர் ஆனப்புறம் பக்கத்துத் தெரு அண்ணாச்சி ஒருத்தருக்கு மட்டும், கை நல்லா இருக்க நேரமாப் பாத்துப் போட்டேன். பெறவு அதையும் நிறுத்திட்டேன். வாசனையும் போயிட்டு."

"அப்பவே வந்திருக்கலாமே அம்மா?"

"இவங்க பட்டன் அடிச்சுக்கிட்டு இருந்தாங்க" என்றாள். "அந்தக் குச்சிய நேரா நிறுத்தணும்லா. தெனமும் காலையில நிறுத்திப் பாத்தா கை எந்த மட்டுக்கு இருக்குன்னு தெரிஞ்சிரும். அதனாலதான் வாங்கி அடிச்சேன். நேரா விழுந்தா, சரி, இன்னும் கொஞ்ச நாள் இருக்குன்னு நெனச்சுக்கிடுவேன்."

அவள் ஏன் செட்டரை வலது கையில் பிடித்தாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் கையைத்தான் பரீட்சை செய்ய வேண்டியிருந்தது. எனக்குச் சந்தோஷமாகப் போன அந்தக் காலைகள் எல்லாம் அவளுக்குப் பரீட்சை. ஒவ்வொரு பட்டனையும் அடித்துவிட்டு உற்றுப் பார்ப்பாளே, வேலையில் எவ்வளவு அக்கறை என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

திரும்பி வரும்போது ஆலங்குளத்தில் பஸ் நின்றதும் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. அழுகையும் வந்தது. பஸ்ஸில் ஆட்கள் இருந்ததால் மெதுவாகத்தான் கேட்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல வடிவு?"

"சொன்னா என்ன செய்வியன்னு எனக்குத் தெரியாதா? அம்மிய மாத்துன மாதிரி ஆஸ்பத்திரிய மாத்திக்கிட்டே இருப்பிய. வேலூருக்குப் போவோம், திருவனந்தபுரத்துக்குப் போவோம்னு என்னைய இழுத்துக்கிட்டுத் திரிவிய." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "இதுக்கு எங்க போனாலும் அதே மாத்திரைதான். அத எப்ப ஆரம்பிக்கணும்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்ன கொஞ்ச காலம் ஒங்களுக்கு எதுக்க உக்காந்து சும்மா பேசிக்கிட்டு இருக்கணும்னு இருந்துச்சு. பட்டன் குத்தம்னே இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்."

டிரைவர் ஏறினார். பஸ் கிளம்பியது. அவள் வலது கை மடியில் கிடந்து லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இனி மறைக்க வேண்டாம் என்பதால் அதை ஆடவிட்டிருந்தாள்.

கொக்கி

மாத்திரை கொஞ்ச காலம் நன்றாகக் கேட்டது. பிறகு கூட்டினார்கள். பின்பக்க அறையில் இப்போது வேலை அதிகமில்லை. செய்யது பாய் அவ்வப்போது வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். கையைப் பற்றி அவரும் கேட்கமாட்டார், நாங்களும் சொல்லமாட்டோம்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். நான் சட்டை மாட்டி, செருப்பு மாட்டி, வாசலில் நின்று கத்துகிறேன். முகூர்த்தம் முடிந்து பந்தியும் முடிந்துவிடும், இன்னும் என்ன செய்கிறாய் என்று. சத்தமில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். சேலையை எடுத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். பட்டு ஜாக்கெட்டின் கொக்கிகளில் ஒன்றுகூட மாட்டவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை.

"இங்க வாங்க" என்றாள். "இத மாட்டிவிடுங்க."

மாட்டிவிட்டேன். கொக்கி பொடிசு. எனக்கே நேரமெடுத்தது. எத்தனையோ நோயாளிகளுக்குத் துணி மாற்றிவிட்டவள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கல்யாணத்தில் யாரிடமும் அவள் சரியாகப் பேசவில்லை. நானும் சாப்பிட்டதாக ஞாபகமில்லை.

மறுநாளே நான் பின்பக்க அறைக்குப் போய்விட்டேன். என் புத்தி அப்படி. கொக்கிதானே சிரமம், கொக்கி வேண்டாம், டிச் பட்டன் வைத்துவிடலாம். ஒரு அழுத்து, மூடிக்கொள்ளும். அவளுடைய வீட்டு ஜாக்கெட்டுகளை எடுத்துக் கொக்கிகளைப் பிரித்தேன். துணி பிய்ந்துவிடாமல் உள்ளே காடாத் துணிப் பட்டி கொடுத்துத் தைத்தேன். கடையநல்லூருக்குப் போய்ச் செய்யது பாயிடம் இருப்பதிலேயே சின்னப் பட்டனாக வாங்கிவந்தேன். கல்லுக்கு ரசமட்டம் பார்த்தேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அவள் மாதிரியே வலது கையில் செட்டரைப் பிடித்து, மெதுவாகத் தட்டித் தட்டி அடித்தேன்.

என் ஆயுசில் நான் அடித்த பட்டன்களில் நேராக உட்கார்ந்தவை அவைதான். ஒன்றும் கோணவில்லை. மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தேன். அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது பரீட்சையில் பாஸான பையனைப் போல நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வாங்கிப் பார்த்தாள். பட்டன்மேல் விரலை ஓட்டினாள். சின்னதாகச் சிரித்தாள். போட்டுக்கொண்டு வந்து என் எதிரில் நின்று, மேல் பட்டனின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைத்துப் பெருவிரலால் அழுத்தினாள். மூடவில்லை. மறுபடி அழுத்தினாள். பெருவிரல் உருண்டு உருண்டு வழுக்கியது. இடது கையால் அழுத்திப் பார்த்தாள். சேர்த்துப் பிடிக்க வேண்டிய வலது கை நிற்கவில்லை.

"பட்டன் கொஞ்சம் இறுக்கமா இருக்கு போல" என்றேன். "கழட்டிக் குடு. உள்ள இருக்க கம்பியக் கொஞ்சம் நெகிழ்த்து விடுதேன். இல்லன்னா வேற பட்டன் கெடைக்குது, பாய்கிட்டச் சொன்னா..."

"ஏங்க" என்றாள்.

நான் நிறுத்தினேன்.

"பட்டன் நேராத்தான் இருக்கு. ஒண்ணையும் மாத்தாதிய."

கையை எடுத்துவிட்டு நின்றாள். இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. நான் கிட்டே போய், மேலிருந்து ஒவ்வொன்றாக அழுத்திவிட்டேன்.